க்ளீஸே 486 பி: தண்ணீர் இருக்கு என்றீர்களே, எங்கே?

2025 மார்ச் 8, ஒரு வாசகரின் கேள்வி
அண்ணா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி க்ளீஸே 486 பி என்ற கோளில் நீராவி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அதை நம்பி என் தங்கை ஸ்கூல் கண்காட்சியில் சார்ட் வேறு போட்டாள். இப்போது அது வெறும் பாறை, காற்றுகூடக் கிடையாது என்று படிக்கிறேன். எது சரி? இருந்த தண்ணி ஆவியாகிப் போச்சா?

2025 மார்ச் 8, இரவு
எழுதினது நான்தான். ஒளிந்துகொள்ள இடமில்லை. பழைய பதிவைத் தேடிப் பார்த்தேன், "26 ஒளியாண்டு தூரத்தில் நீராவி!" என்று ஆச்சரியக்குறியோடு போட்டிருக்கிறேன். அந்த ஆச்சரியக்குறி இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி இருந்திருக்க வேண்டும். நாசா 2023 மே மாதம் வெளியிட்ட செய்தியின் தலைப்பிலேயே அது இருந்தது: நீராவி தெரிகிறது, ஆனால் அது கோளில் இருந்து வருகிறதா, விண்மீனில் இருந்தா? இரண்டாவது பாதியை நான் விட்டுவிட்டேன். பல செய்தித் தளங்களும் விட்டுவிட்டன என்பது ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

விவரமாக நாளைக்கு. இப்போதைக்குச் சுருக்கமாக: ஆவியாகிப் போகவில்லை. பெரும்பாலும் அது அங்கே இருந்ததே இல்லை.

2025 மார்ச் 9
முதலில் ஆளை அறிமுகம் செய்துவிடலாம், புதிதாக வந்தவர்களுக்கு.

க்ளீஸே 486 ஒரு செங்குள்ளன், அதாவது சின்ன, மங்கலான விண்மீன். சூரியனின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, வெளிச்சத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு. கன்னி ராசி விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. அதைச் சுற்றுவது 486 பி. பூமியைப் போல 1.3 மடங்கு அகலம், கிட்டத்தட்ட 3 மடங்கு எடை. இந்த மாதிரி பூமியை விடக் கனமான பாறைக் கோள்களுக்கு "சூப்பர் எர்த்" என்று பெயர் வைத்துவிட்டார்கள், அந்தப் பெயரால்தான் பாதிக் குழப்பம். "சூப்பர்" என்றால் நம் ஊரில் நல்லா இருக்கு என்று அர்த்தம். இது நல்லா இல்லை. 35 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிகிறது, தூரம் 26 லட்சம் கிலோமீட்டர்தான். நமக்கும் சூரியனுக்கும் இடையே 15 கோடி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்தது 2021 மார்ச்சில், ட்ரிஃபோன் ட்ரிஃபோனோவ் தலைமையிலான குழு. இரண்டு வழியில் பிடித்தார்கள். ஸ்பெயினில் கலார் ஆல்டோ மலையில் இருக்கும் கார்மனீஸ் கருவி, விண்மீன் கோளின் இழுப்பில் முன்னும் பின்னும் அசைவதைப் பார்த்தது. அந்த அசைவின் வேகம் நொடிக்கு மூன்றரை மீட்டருக்கும் குறைவு, அதாவது நிதானமாக சைக்கிள் மிதிக்கிற வேகம். 26 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு நெருப்புக் கோளம் சைக்கிள் வேகத்தில் ஆடுவதைக் கண்டுபிடிக்கிறார்கள், நமக்கு எதிர் வீட்டு மாமா வருவது தெரிவதில்லை. இன்னொரு பக்கம் டெஸ் விண்கலம், கோள் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது வெளிச்சம் குறைவதைப் பார்த்தது. குறைவது எவ்வளவு? ஆயிரத்தில் 1.3 பங்கு.

வெப்பம் சுமார் 430 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகும், துத்தநாகம் உருகும். அலுமினியச் சட்டி தப்பிக்கும்.

2025 மார்ச் 9, கொஞ்ச நேரம் கழித்து
பெயர் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். க்ளீஸே என்பது வில்ஹெல்ம் க்ளீஸே என்ற ஜெர்மானியர், நமக்கு அருகில் இருக்கும் விண்மீன்களை அட்டவணை போட்டவர், முதல் பட்டியல் 1957இல் வந்தது. அதில் 486ஆவது. "கிளைஸ்" என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை, நானும் மூன்று வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உல்ஃப் 437 என்றும் ஒரு பெயர் உண்டு, அதுவும் ஒரு பழைய பட்டியல்.

2023இல் சர்வதேச வானியல் ஒன்றியம் பொதுமக்களிடம் கேட்டு வைத்த பெயர்களில் இதற்கும் ஒன்று கிடைத்தது. விண்மீன் "கார்", கோள் "சு". பாஸ்க் மொழியில் கார் என்றால் தீச்சுடர், சு என்றால் தீ. நாம் சூடு பட்டால் போடும் சத்தமும் கிட்டத்தட்ட அதுதான். பாஸ்க் மொழிக்கும் தமிழுக்கும் தொடர்பு என்று யாராவது ஆரம்பித்தால் அந்தப் பதிவை அழித்துவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

2025 மார்ச் 12
இப்போது தண்ணீர்க் கதை. 2022 கடைசியில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இந்தக் கோள் விண்மீனைக் கடப்பதை இரண்டு தடவை பார்த்தது. சாரா மோரன் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் அலசினார்கள். யோசனை எளிமையானது. கோளைச் சுற்றி வளிமண்டலம் இருந்தால், விண்மீனின் ஒளியில் கொஞ்சம் அந்த ஓரத்துக் காற்றின் ஊடாக வடிகட்டி வரும். தண்ணீர் மூலக்கூறு சில அகச்சிவப்பு அலைநீளங்களை விழுங்கும். அந்த அலைநீளங்களில் மட்டும் கோள் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் இதே சாயலை இன்னொரு திருடனும் விட்டுப் போக முடியும்: விண்மீனின் புள்ளிகள். சூரியனில் கரும்புள்ளிகள் இருப்பது போல செங்குள்ளன்களிலும் உண்டு, சுற்றுப்புறத்தை விடக் குளிர்ச்சி. எவ்வளவு குளிர்ச்சி என்றால் அங்கே நீராவி மூலக்கூறு சிதையாமல் இருக்கலாம். விண்மீனில் தண்ணீரா என்று முதலில் படித்தபோது நான் சிரித்தேன். நம் சூரியனின் கரும்புள்ளிகளிலேயே நீராவியின் தடயத்தை 1995இல் பார்த்துவிட்டார்கள். இந்தச் செங்குள்ளனின் மேற்பரப்பே சுமார் 3,300 கெல்வின், அதாவது ஏறத்தாழ 3,000 டிகிரி செல்சியஸ்தான், அங்கே கேட்க வேண்டியதில்லை.

சரி, விண்மீனில் இருக்கிற நீராவி எப்போதும் இருக்கிறதே, கோள் கடக்கும்போது மட்டும் ஏன் கூடுதலாகத் தெரிய வேண்டும்? இதில்தான் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். கடைசியில் தயிர்சாதத்தில் புரிந்தது. தட்டு நிறைய தயிர்சாதம், ஒரு ஓரத்தில் மாவடு. எல்லாவற்றையும் கலந்து மொத்தமாக எவ்வளவு காரம் என்று ஒருவர் அளக்கிறார். இப்போது நீங்கள் மாவடு பக்கம் போகாமல் ஒரு கரண்டி சாதத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். மாவடு கூடவில்லை, ஆனால் தட்டில் மிச்சம் இருப்பதில் காரத்தின் பங்கு கூடிவிட்டது. கோள்தான் அந்தக் கரண்டி. புள்ளியில்லாத பகுதியின் மேல் அது போகும்போது, மிச்ச ஒளியில் புள்ளிகளின் பங்கு ஏறுகிறது, கூடவே தண்ணீரின் சாயலும் ஏறுகிறது. அளக்கிற ஆள் கரண்டியில் ஏதோ காரம் இருக்கிறது என்று எழுதிவிடுவார்.

மோரன் குழு இந்த இரண்டையுமே தங்கள் கட்டுரையில் எழுதினார்கள். நீராவி நிறைந்த வளிமண்டலம், அல்லது புள்ளிகள், இரண்டுமே தரவுக்குப் பொருந்துகின்றன, இன்னும் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்கள் பக்கம் தவறே இல்லை. "அல்லது" என்ற ஒரு சொல் கடலைத் தாண்டி வரும்போது எங்கேயோ விழுந்துவிட்டது, விழுந்த இடங்களில் என் கீபோர்டும் ஒன்று.

2025 மார்ச் 13
"புள்ளி இருந்தால் கோள் அதன் மேல் போகும்போது தெரிந்திருக்குமே" என்று ஒரு நண்பர் மடக்கியிருக்கிறார். நல்ல கேள்வி. புள்ளியின் மேல் போனால், இருட்டான இடத்தை மறைப்பதால் வெளிச்சம் சின்னதாக ஒரு குமிழ் போல ஏறித் தெரியும். அப்படிக் குமிழ் எதுவும் இல்லை. ஆனால் கோள் போகும் பாதை விண்மீனின் முகத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டுமே, கோட்டுக்கு மேலேயும் கீழேயும் புள்ளிகள் உட்கார்ந்திருக்கலாம். கரண்டி மாவடு பக்கம் போகவில்லை என்றேனே, அதுதான்.

2025 மார்ச் 16
அடுத்த பாதி, 2024. இந்தத் தடவை வேறு வழி. கோள் விண்மீனுக்கு முன்னால் வருவதை விட்டுவிட்டு, பின்னால் போய் மறைவதைப் பார்த்தார்கள். மறைவதற்குக் கொஞ்சம் முன்பு நம் பக்கம் திரும்பியிருப்பது கோளின் பகல் முகம், சூடான முகம். அப்போது வருவது விண்மீன் வெப்பம் கூட்டல் கோளின் வெப்பம். மறைந்த பிறகு விண்மீன் மட்டும். கழித்தால் கோள். பலசரக்குக் கடையில் டப்பாவோடு எடை போட்டுவிட்டு டப்பாவைக் கழிப்பார்களே, அதே வேலை. என்ன, இங்கே டப்பா மலை, சரக்கு ஒரு சிட்டிகை: பத்து லட்சத்தில் சுமார் 135 பங்கு.

இந்த முறையில் புள்ளிகளின் தொல்லை மிகக் குறைவு. மேகன் வைனர் மான்ஸ்ஃபீல்ட் தலைமையிலான குழு ஜேம்ஸ் வெப்பின் மிரி என்ற அகச்சிவப்புக் கருவியால் அளந்து சொன்னது: பகல் முகம் 865 கெல்வின், ஏறத்தாழ 592 டிகிரி செல்சியஸ்.

வெப்பத்தை வைத்துக் காற்று இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? இந்தக் கோள் நிலா நமக்குக் காட்டுவது போல ஒரே முகத்தைத் தன் விண்மீனுக்குக் காட்டுகிறது. ஒரு பக்கம் நிரந்தர உச்சி வெயில், மறுபக்கம் நிரந்தர அமாவாசை. நல்ல கனமான வளிமண்டலம் இருந்தால் பகலின் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு இரவுப் பக்கம் கொட்டும், பகல் கொஞ்சம் ஆறும். காற்று இல்லாவிட்டால் வாங்கின சூட்டைப் பகல் முகமே வைத்துக்கொண்டு கொதிக்கும். பழைய கனத்த இரும்புத் தோசைக்கல்லில் சூடு ஓரம்வரை பரவும். மெல்லிய தகட்டுக் கல்லில் நடுத் தோசை கரிந்து ஓரம் மாவாக இருக்கும். 486 பி மெல்லிய தகடு. காற்றே இல்லாத, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாத கரும்பாறை எவ்வளவு சூடாக முடியுமோ அதில் 97 சதவீதம் வந்திருக்கிறது. காற்று கொண்டுபோன சூடு என்று எதுவும் கணக்கில் விழவில்லை.

எல்லா உதாரணமும் சாப்பாடாகவே வருகிறது. மணி எட்டரை, இன்னும் சாப்பிடவில்லை.

2025 மார்ச் 17
அவசரத் திருத்தம். 9ஆம் தேதி 430 டிகிரி என்றேன், நேற்று 592 என்றேன், ஒருவரும் கேட்கவில்லை. யாருமே கவனமாகப் படிப்பதில்லையா, இல்லை மரியாதைக்காக விட்டுவிட்டீர்களா?

430 என்பது அளந்தது இல்லை, காகிதத்தில் போட்டது. விண்மீனின் வெளிச்சம், தூரம் இரண்டையும் வைத்து, சூடு கோள் முழுவதும் சமமாகப் பரவினால் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கு. சமமாகப் பரவ வேண்டுமானால் காற்று வேண்டும். அதாவது, காற்று இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே, காற்று இருப்பதாக வைத்துப் போட்ட எண்ணை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இது நேற்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

2025 மார்ச் 17, மறுபடியும்
அலுமினியச் சட்டியும் போயிற்று. 592 என்பது பகல் முகத்தின் சராசரி மாதிரி. விண்மீன் நேர் உச்சியில் நிற்கும் இடத்தில் இன்னும் அதிகம். நான் போட்ட கணக்கில் 700ஐ ஒட்டி வருகிறது, அலுமினியம் 660இல் உருகிவிடும். ஓரத்தில் விண்மீன் தொடுவானத்தில் நிற்கும் ஊர்களில் சட்டி தப்பிக்கும். எரிமலைக் குழம்புக் கடல் என்று ஒரு காணொளியில் சொன்னார்களாம், அதுவும் கிடையாது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டாகும் பசால்ட் பாறை உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். அங்கே தரை தரையாகத்தான் இருக்கும்.

2025 மார்ச் 21
தலைப்பை விட்டு விலகி: அங்கே வருஷம் 35 மணி நேரம். பிறந்த 88ஆம் நாள் அறுபதாம் கல்யாணம் நடத்திவிடலாம். மாப்பிள்ளைக்குத் தலை நிற்காது, தாத்தாவுக்குப் பதிலாகத் தொட்டிலைச் சுற்றி வர வேண்டியதுதான். எனக்கு அங்கே வயது பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

எடை 60 கிலோ ஆள் 100 கிலோ கனம் உணர்வார். வாயேஜர் 1 போகிற வேகத்தில் போனால் சேர நாலரை லட்சம் வருஷத்துக்கு மேல். இன்று அங்கிருந்து வரும் ஒளி 1999 வாக்கில் கிளம்பியது. அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு முதல் தொலைபேசி வந்தது, வந்த பத்தாம் நாள் வயர் அறுந்து நான்கு மாதம் அழகுப் பொருளாக இருந்தது.

2025 மார்ச் 30
நேற்று அமாவாசை, மாமனார் ஊரில் இருந்தோம். வானம் அங்கே இன்னும் கறுப்பாக இருக்கிறது. எட்டு அங்குலத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனேன். அன்றைக்குத் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி வேறு, மாமியார் "சனியைப் பார்க்கவா போறீங்க மாப்பிள்ளை, நேரா பார்க்கக் கூடாது" என்றார். சனி அப்போது சூரியன் பக்கம், பார்க்க முடியாது என்று சொன்னதும் நிம்மதியாகிவிட்டார்.

கோளைப் பார்க்க முடியாது, அது தெரியும். விண்மீனையாவது பார்த்துவிட வேண்டும் என்று இத்தனை நாளாக ஆசை. வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கன்னியில் ரோ என்ற விண்மீன் இருண்ட வானில் வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். அங்கிருந்து கிழக்கே மூன்று முழுநிலா அகலம், தெற்கே ஒரு நிலா அகலம். அங்கே 11.4 ஒளிர்வில் (இந்த எண் ஏற ஏற விண்மீன் மங்கல்) ஒரு புள்ளி. அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தேடினேன், கழுத்து பிடித்துக்கொண்டது, கொசு. கிடைத்தது. கிடைத்ததாக நினைக்கிறேன்.

சிவப்பாக இல்லை. சாம்பல் நிறத்தில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், ஓரக்கண்ணால் பார்த்தால் கொஞ்சம் நன்றாகத் தெரிகிற மாதிரி. மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் செங்குள்ளன் அவ்வளவு சிவப்பில்லை, அதன் 3,300 கெல்வின் பழைய பைக்கின் ஹாலஜன் விளக்குக்கு நெருக்கம். அந்தக் கோளின் பாறைமேல் விழுவது ஹெட்லைட் வெளிச்சம்தான், ஆனால் ஹெட்லைட் கையை நீட்டி மடக்கின முஷ்டி அளவு வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். நம் சூரியனைப் போல 19 மடங்கு அகலம். நான் களத்தில் முஷ்டியை நீட்டிப் பார்த்தேன். கன்னிக் கூட்டத்தில் ஒரு பெரிய துண்டு மறைந்துபோனது.

அதே இடத்தில் தொலைநோக்கியைக் கொஞ்சம் வடமேற்கே நகர்த்தினால் எம் 60 என்ற வேறொரு கேலக்ஸி, ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தூரம். அது பஞ்சுத் துண்டு போல நன்றாகவே தெரிந்தது. ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தெரிகிறது, 26 ஒளியாண்டு கண்ணைக் கசக்க வைக்கிறது. நம் பால்வீதி விண்மீன்களில் முக்கால்வாசி செங்குள்ளன்கள் என்கிறார்கள், அவற்றில் ஒன்றுகூடச் சாதாரணமாக வெறும் கண்ணுக்குத் தெரியாது.

2025 ஏப்ரல் 2
"கிடைத்ததாக நினைக்கிறேன்" என்பதைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்கிறீர்கள். நியாயம்தான், தண்ணீர் விஷயத்தில் சூடு பட்டவன் நான். ஆகவே சரிபார்த்தேன்.

அன்று நண்பர் ஒருவர் கேமராவில் அந்தப் பகுதியைப் படம் எடுத்திருந்தார். இணையத்தில் 1950களில் பாலோமார் மலையில் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்கள் ஸ்கேன் செய்து கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே அளவாக்கி, ஒன்று மாற்றி ஒன்று காட்டினேன். எல்லா விண்மீனும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, ஒன்று மட்டும் தென்மேற்காகத் துள்ளுகிறது. க்ளீஸே 486 பக்கத்தில் இருப்பதால் வருஷத்துக்கு 1.1 விகலை (ஒரு விகலை என்றால் டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) நகர்கிறது. எழுபது வருஷத்தில் 78 விகலை, தொலைநோக்கியில் தெரியும் வியாழன் தட்டு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். நான் பார்த்த புள்ளி துள்ளின புள்ளிதானா என்று களத்தில் வரைந்த படத்தோடு ஒத்துப் பார்த்தேன்.

இல்லை. நான் பார்த்தது அதற்குப் பக்கத்து விண்மீன்.

2025 ஏப்ரல் 2, இரவு
சிரித்து முடித்தாயிற்றா?

2025 ஏப்ரல் 9
வேறு கோள்களிலும் இப்படி ஆகியிருக்கிறதா என்று ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகியிருக்கிறது, இதைவிட மோசமாக. ஜிஜே 1132 பி, 2015இல் கண்டுபிடித்தார்கள், சுமார் 41 ஒளியாண்டு, இதுவும் செங்குள்ளனைச் சுற்றும் சூடான பாறை. 2021இல் ஒரு குழு ஹபிள் தரவை வைத்து, எரிமலைகளால் மறுபடி உண்டான வளிமண்டலம் இருக்கிறது என்றது. அதே தரவை எடுத்த வேறு குழுக்களுக்கு வெறும் தட்டையான கோடுதான் கிடைத்தது. 2023இல் வெப் இரண்டு கடப்புகளைப் பார்த்தது. ஒன்றில் ஏதோ மேடு பள்ளம், மற்றதில் தட்டை! ஒரே கோள், ஒரே தொலைநோக்கி. 2024இல் பகல் வெப்பத்தை அளந்தார்கள், 709 கெல்வின், வெறும் பாறைக்குப் பொருந்துகிறது.

எல்எச்எஸ் 3844 பி கதை இன்னும் சுத்தம். 11 மணி நேர வருஷம். ஸ்பிட்சர் தொலைநோக்கி பல சுற்றுகள் பின்தொடர்ந்து பார்த்ததில் பகல் 1,040 கெல்வின், இரவுப் பக்கத்தில் இருந்து அளக்கும்படி வெப்பமே வரவில்லை. 2019இல் வந்த முடிவு. பாறை கறுப்பு, நிலாவின் கரும்பகுதிகள் மாதிரி பசால்ட்டாக இருக்கலாம் என்றார்கள்.

ஏன் இப்படி வரிசையாக மொட்டையாகின்றன? செங்குள்ளன் இளமையில் முரடன். இப்போது அடங்கி மினுக்குகிறதே தவிர, பிறந்து பல கோடி வருஷம் இன்னும் பிரகாசமாக, எக்ஸ் கதிரும் புறஊதாவும் கக்கிக்கொண்டு இருந்திருக்கும். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்த கோளின் காற்றை அது உரித்து எடுத்துவிடும். 486 பிக்கு இன்றைக்கே பூமி வாங்குவதைப் போல 40 மடங்கு வெளிச்சம் விழுகிறது.

ஆனாலும் நான் கொஞ்சம் அடக்கிச் சொல்ல வேண்டும். காற்றே இல்லை என்கிற மாதிரி மார்ச் 16 பதிவில் எழுதினது என் வழக்கமான அவசரம். கனமான வளிமண்டலம் இல்லை, அவ்வளவுதான் அளவீடு சொல்கிறது. மெல்லிய படலம் இருந்தால் இந்த முறையில் சிக்காது.

2025 ஏப்ரல் 14
புத்தாண்டு வாழ்த்து. வடையோடு உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று தோன்றியது. 2023இல் நான் உற்சாகப்பட்டது தண்ணீருக்காக. ஆனால் 2024இல் செய்ததுதான் எனக்கு இப்போது பெரிதாகப் படுகிறது. 26 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற, யாரும் படமாகக்கூடப் பார்க்காத ஒரு கல்லின் பகல் பக்கச் சூட்டை 14 டிகிரி பிசகுக்குள் சொல்கிறார்கள். என் வீட்டு ஓவனில் இருக்கிற முள் அதைவிட அதிகம் பொய் சொல்லும். இதற்கு நான் பதிவே போடவில்லை. "பாறையில் பாறை கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வைத்தால் யார் படிப்பார்கள் என்று விட்டுவிட்டேன், இத்தனைக்கும் செய்தி வந்த அன்றே படித்தேன்.

2025 ஏப்ரல் 19
இல்லை, முந்தின பதிவில் நல்ல பிள்ளை வேஷம் போடுகிறேன். வெறும் பாறை என்று படித்த அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

2025 ஏப்ரல் 27
அமாவாசை. அதே களம், அதே கொசு. இந்தத் தடவை புதுப் படத்தை அச்செடுத்து, சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு தேடினேன். போன மாதம் பார்த்த தப்பான விண்மீனில் இருந்து ஆரம்பித்தேன், அதற்காவது அது உதவட்டும். பத்தரை மணி வாக்கில் சரியானது கண்ணாடிக்குள் வந்தது. மூன்று தடவை படத்தோடு ஒத்துப் பார்த்தேன், மச்சானைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு "எங்கே?" என்றார், பிறகு "இதுக்கா?" என்றார்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: சார்ட் இன்னும் இருந்தால் தங்கச்சியிடம் சொல்லுங்கள், "நீராவி" என்ற இடத்தில் கோடு போட்டு "கல்" என்று எழுதட்டும். அழிக்க வேண்டாம், கோடு மட்டும்.

2025 மே 3
தங்கச்சி எழுதிவிட்டாளாம். எழுதிவிட்டு, "என்ன கல்லு?" என்று கேட்கச் சொன்னாளாம். பசால்ட்டா, கிரானைட்டா என்று பாறையின் வெப்ப ஒளியை வைத்தே பிரித்துச் சொல்லப் பார்க்கிறார்கள், படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை கடைசி வரிவரை படித்துவிட்டு எழுதுகிறேன்.